வயிற்றில் கட்டி, நகக்கண்ணில் சோதனை

வயிற்றில் புற்றுக்கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்று முடிவாகிவிட்டது. நாள் குறிப்பதற்கு முன் மயக்க மருந்து மருத்துவர் வந்து நோயாளியைப் பார்க்கிறார். "வாயை எவ்வளவு முடியுமோ அவ்வளவு திறங்கம்மா" என்கிறார். பிறகு கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறார். "பச்சைத் தண்ணியில கை வெச்சா விரல் வெளுத்துப் போகுதா? ராத்திரி படுத்தா புளிச்ச தண்ணி தொண்டைக்கு வருதா? மாடி ஏறினா மூச்சு வாங்குதா?" கேள்விகள் நீண்டுகொண்டே போகின்றன. உடன் வந்த மகளுக்குப் பொறுமை போகிறது. "டாக்டர், கட்டி வயித்துலதானே இருக்கு?"

நியாயமான கேள்விதான். ஓர் உறுப்பில் அறுவை என்றால் மற்ற உறுப்புகளை எல்லாம் ஏன் துருவுகிறார்கள் என்று மருத்துவமனைக்குப் போய்வந்த எவருக்கும் ஒருமுறையாவது தோன்றியிருக்கும். பெரும்பாலானோருக்கு அது வழக்கமான சரிபார்ப்பு. சிலருக்கு அப்படியல்ல. அவர்களுடைய விரல்களில் தெரிவதை வைத்துத்தான் வயிற்றை எங்கே வெட்டுவது, எதை எதோடு தைப்பது என்பதே முடிவாகும். சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய் உள்ளவர்கள் அந்த வகை. 'உடல்தழுவிய இறுக்கநோய்' என்று தமிழில் சொல்லலாம். இந்த அத்தியாயத்தில் சுருக்கமாக இறுக்கநோய்.

தோலுக்கு உள்ளே

1753-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் கார்லோ குர்சியோ, 17 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினார். அவளுடைய தோல் உடல் முழுவதும் விறைத்து இறுகிப்போயிருந்தது. வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. இந்நோயைப் பற்றிய தெளிவான பழைய பதிவுகளில் அது ஒன்று. அதன்பின் நெடுங்காலம் இதைத் தோல் நோய் என்றே மருத்துவ உலகம் எண்ணிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிவது தோல்தானே.

உள்ளே நடப்பது மூன்று. முதலாவது, மிகச் சிறிய இரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதாகி, குழாய் குறுகி, பல இடங்களில் அடைபட்டே போகிறது. இரண்டாவது, கிருமிகளைத் தாக்க வேண்டிய நோயெதிர்ப்பு அமைப்பு சொந்த உடலின் பொருள்களுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களைச் செய்யத் தொடங்குகிறது. மூன்றாவது, காயம் ஆறும்போது தழும்பு கட்டுவதற்காக உடல் சுரக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் காயமே இல்லாத இடங்களிலும் படிந்துகொண்டே போகிறது. தோலில் படிந்தால் தோல் இறுகும். நுரையீரலில் படிந்தால் மூச்சு சுருங்கும். குடல் சுவரில் படிந்தால், உணவைத் தள்ளிக்கொண்டு போகும் தசை மெலிந்து அங்கே நார் மட்டும் மிஞ்சும்.

பெண்களுக்கே இது பல மடங்கு அதிகம். பெரும்பாலும் 30 வயதுக்கும் 50-க்கும் இடையில் தொடங்குகிறது. நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு உணவுப்பாதையில் ஏதோ ஓர் இடத்தில் பாதிப்பு உண்டு. முதலில் மாட்டுவது உணவுக்குழாயின் கீழ் மூன்றில் இரண்டு பங்கு. அது தளர்ந்து விரிகிறது. அதன் அடியில் வயிற்றுக்கு மேல் இருக்கும் வால்வும் இறுக்கமாக மூடாமல் போகிறது. ஓவியர் பால் க்ளே 1940-இல் இறந்ததற்கு இந்நோயே காரணம் என்பது அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளை ஆராய்ந்த பிற்கால மருத்துவர்களின் கணிப்பு. கடைசி ஆண்டுகளில் திட உணவை விழுங்க அவர் மிகவும் சிரமப்பட்டார்.

நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் விரலில்தான் வரும். குளிர் பட்டவுடன் விரல் வெளுத்து, நீலித்து, பிறகு சிவக்கும். 1862-இல் பாரிஸ் மருத்துவ மாணவர் மொரீஸ் ரேனோ தம் ஆய்வேட்டில் இதை விவரித்தார்; இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: குளிரில் விரல் வெளுக்கிற எல்லோருக்கும் இறுக்கநோய் கிடையாது. அவர்களில் பெரும்பாலோருக்கு வேறு எந்தக் கோளாறும் இருக்காது.

வயிற்றை வெட்டினால் சோறு எங்கே போகும்?

இனி வயிற்றுப் பக்கம் வருவோம். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வயிறு நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. ஆகவே "வயித்தையே எடுத்துட்டாங்களாம், எப்படிச் சாப்பிடுவார்?" என்ற கேள்வி நம் ஊரில் புதிதல்ல.

அதற்கு முதல் விடை கிடைத்த நாள் 1881 ஜனவரி 29. வியன்னா பொது மருத்துவமனையில் தியோடர் பில்ரோத், 43 வயதுப் பெண் ஒருவரின் வயிற்றின் வாயிற்பகுதியில், அதாவது சிறுகுடலுக்குள் திறக்கும் இடத்தில், இருந்த கட்டியை வெட்டியெடுத்தார். எஞ்சிய வயிற்றை நேராகச் சிறுகுடலின் தலைப்பகுதியோடு பட்டு நூலால் தைத்தார். அதற்கு முன் இரண்டு அறுவை மருத்துவர்கள் முயன்று, இரண்டு நோயாளிகளும் பிழைக்கவில்லை. பில்ரோத்தின் நோயாளி தேறி எழுந்து வீட்டுக்குப் போனார். ஏறத்தாழ நான்கு மாதம் கழித்துப் புற்று திரும்பி இறந்தார். ஆனால் தைத்த இணைப்பு கடைசிவரை பிரியவில்லை. வயிற்றின் பெரும்பகுதியை எடுத்தாலும் மனிதர் உண்டு வாழ முடியும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. 1897-இல் சூரிச்சில் கார்ல் ஷ்லாட்டர் வயிறு முழுவதையும் எடுத்து, உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்தும் காட்டினார். வயிறு உணவைச் சேமித்து அரைத்து மெல்ல மெல்ல அனுப்பும் இடம். செரிமானத்தின் பெரும்பங்கு நடப்பது சிறுகுடலில். அதனால்தான் வயிறு இல்லாமலும் வாழ முடிகிறது.

இந்த அறுவை முழுவதும் ஓர் இணைப்பை நம்பியிருக்கிறது. தைத்த இரு விளிம்புகளும் உயிரோடு ஒட்ட வேண்டும். அதற்கு நல்ல இரத்த ஓட்டம் வேண்டும். விளிம்புகள் இழுபடாமல் இருக்க வேண்டும். திசு தையலைத் தாங்க வேண்டும். இணைப்பு பிரிந்து கசிந்தால் செரிமான நீரும் கிருமிகளும் வயிற்றறைக்குள் பரவும். இந்த அறுவையில் உயிர் போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஒட்டினால் மட்டும் போதாது, இணைத்த குடல் அசைந்து உணவைத் தள்ளவும் வேண்டும். இரத்த ஓட்டம், திசுவின் நலம், குடலின் அசைவு. இறுக்கநோய் கெடுப்பதும் இதே மூன்றைத்தான்.

ஒரே புகார், இரண்டு நோய்

இங்கே ஒரு நோயாளியை, ஓர் அம்மாவை, உருவாக்கிக்கொள்வோம். இவர் எந்தத் தனி மனிதரும் அல்ல. இந்நோயில் மருத்துவர்கள் அடிக்கடி காணும் சிக்கல்களைச் சேர்த்து வரைந்தவர். வயது 56. ஒன்பது ஆண்டுகளாக இறுக்கநோய். விரல் நுனிகளில் பழைய புண்களின் குழிவுத் தழும்புகள். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் மாத்திரை. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. ஆறு மாதத்தில் எடை குறைந்திருக்கிறது. இரத்தசோகை.

இந்தப் புகார்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் இறுக்கநோயாலேயே வரக்கூடியது. வயிறு மந்தமாகக் காலியானால் சீக்கிரம் நிறைந்த உணர்வு வரும். சாப்பாடு குறைந்தால் எடை இறங்கும். இரத்தசோகைக்கும் ஆயத்தமான விளக்கம் இருக்கிறது. இந்நோயாளிகள் சிலருக்கு வயிற்றின் கீழ்ப்பகுதியில் சிறு குழாய்கள் விரிந்து சிவப்புக் கோடுகளாகி மெல்லக் கசியும். எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் பச்சைத் தோலில் வரியோடிய தர்பூசணி நினைவுக்கு வருவதால் மருத்துவர்கள் அதைத் 'தர்பூசணி வயிறு' என்றே அழைக்கிறார்கள்.

அதே புகார்கள்தான் வயிற்றுப் புற்றுக்கும். 'அவங்களுக்கு எப்பவும் அப்படித்தான்' என்று வீட்டிலும் மருத்துவமனையிலும் சொல்லிப் பழகிவிட்டால் புதிதாக வந்த நோய் பழைய நோயின் பெயரிலேயே மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது: நாள்பட்ட நோயாளியின் புகாரில் ஒரு மாற்றம் தெரிந்தால் அதைப் புதிய புகாராகவே எடுத்துக்கொண்டு பார்க்க வேண்டும். பார்ப்பதற்குத் தேவை ஓர் எண்டோஸ்கோப்பி. கட்டி வயிற்றின் உள்சவ்வைத் தாண்டாத கட்டத்தில் சிறியதாகக் கிடைத்துவிட்டால், எண்டோஸ்கோப் வழியாகவே அந்தச் சவ்வைச் சுரண்டியெடுத்துவிடலாம். ஜப்பானிய மருத்துவர்கள் 1990-களின் இறுதியில் வளர்த்தெடுத்த முறை அது. வயிறு முழுதாக இருக்கும், இணைப்பே தேவையில்லை. இறுக்கநோயாளிக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வேறில்லை.

நம் அம்மாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. வயிற்றின் கீழ்ப்பகுதியில் கட்டி. தசை வரை இறங்கியிருக்கிறது. ஸ்கேனில் வேறெங்கும் பரவல் தெரியவில்லை. அறுவைதான் வழி.

புற்று முந்தியா, இறுக்கம் முந்தியா?

இரண்டு நோயும் ஒருவரிடம் சேர்ந்தது தற்செயலா? பல நேரம் ஆம். இறுக்கநோயாளிகளுக்குக் கூடுதலாகக் காணப்படும் புற்றுகளில் நுரையீரல் புற்றும் இரத்தம் சார்ந்த புற்றுகளும் முன்னால் நிற்கின்றன. வயிறு அந்த வரிசையில் முதலில் இல்லை. ஆனால் சிலரிடம் இரண்டுக்கும் இடையே வியப்பான ஓர் உறவு இருப்பதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள்.

ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 3 என்ற புரத இயந்திரம் நம் செல்கள் எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. இறுக்கநோயாளிகளில் ஒரு பகுதியினர் இதற்கு எதிரான எதிர்ப்பொருளைச் செய்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இறுக்கநோய் தொடங்கிய அதே காலத்தை ஒட்டிப் புற்றும் தெரியவருகிறது. அப்படிப்பட்ட எட்டுப் பேரின் கட்டிகளை ஆராய்ந்தபோது, ஆறு பேரின் கட்டியில் அந்தப் புரதத்துக்கான மரபணுவே மாறியிருந்தது. அந்த எதிர்ப்பொருள் இல்லாத எட்டு இறுக்கநோயாளிகளின் கட்டிகளில் அம்மாற்றம் ஒருவரிடமும் இல்லை. ஆய்வாளர்கள் இதற்குத் தந்த விளக்கம் இது: முதலில் புற்று தோன்றுகிறது, அதன் மாறிய புரதத்தை அந்நியப் பொருளாகக் கண்டு நோயெதிர்ப்பு அமைப்பு தாக்குகிறது, அந்தத் தாக்குதல் நலமான செல்களில் இருக்கும் மாறாத புரதத்தின் மீதும் திரும்பிவிடுகிறது. இறுக்கநோய், புற்றோடு நடந்த போரின் சிதறலாக இருக்கலாம் என்று பொருள். நம் அம்மாவுக்கு ஒன்பது ஆண்டு இடைவெளி இருப்பதால் இந்தக் கணக்கு அவருக்குப் பொருந்தாது. ஆனால் புதிதாக இறுக்கநோய் கண்ட ஒருவரிடம் இந்த எதிர்ப்பொருள் தென்பட்டால் மருத்துவர் புற்றையும் ஒருமுறை தேடிப்பார்ப்பது இதனால்தான்.

நகக்கண்ணில் தெரிவது

விரலுக்குத் திரும்புவோம். உடலின் மற்ற இடங்களில் நுண்குழாய்கள் தோலின் மேற்பரப்பை நோக்கிச் செங்குத்தாக வரும். பார்த்தால் புள்ளிதான் தெரியும். நகமும் தோலும் சேரும் விளிம்பில் மட்டும் அவை தோலுக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. அங்கே ஒரு துளி எண்ணெய் விட்டு உருப்பெருக்கியில் பார்த்தால் கொண்டை ஊசி வளைவுகளாக அடுக்கடுக்காகத் தெரியும். நலமானவருக்கு ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் குறைந்தது ஏழு வளைவுகளாவது இருக்கும். இறுக்கநோயில் சில வளைவுகள் பல மடங்கு பருத்து ஊதியிருக்கும். சில உடைந்து இரத்தத் துளிகளைக் கசியவிட்டிருக்கும். நோய் முற்றினால் வளைவே இல்லாத வெற்றிடங்கள் தோன்றும்.

சி.டி. ஸ்கேனில் வயிற்றின் பெருந்தமனிகள் அழகாகத் தெரியும். அறிக்கையும் 'இரத்தக் குழாய்கள் இயல்பு' என்றே வரும். அது பொய்யல்ல. ஆற்றில் தண்ணீர் போகிறது என்பதற்காகக் கடைமடை வயல் நனைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. தலைமதகு நன்றாக இருக்கலாம். தூர்ந்துபோனது கடைசி வாய்க்கால். ஸ்கேன் பார்ப்பது ஆற்றை. தையல் ஒட்டுவதோ அந்தக் கடைசி வாய்க்காலின் நீரில். நகக்கண்ணில் வாய்க்கால்கள் தூர்ந்திருந்தால் வயிற்றுச் சுவரிலும் அப்படி இருக்கக்கூடும் என்று எண்ணிக்கொண்டே அறுவை மருத்துவர் கத்தியை எடுக்க வேண்டும்.

எவ்வளவு வெட்டுவது, எதோடு தைப்பது?

மனித உடலில் வயிற்றைப் போல இரத்தம் பெற்ற உறுப்புகள் குறைவு. மேல் விளிம்பில் இரண்டு, கீழ் விளிம்பில் இரண்டு என நான்கு தமனிகள். அவை போக, மண்ணீரல் பக்கத்திலிருந்து மேல்மூலைக்கு வரும் சில குறுந்தமனிகள். புற்றுக்கான அறுவையில் வயிற்றை மட்டும் வெட்டினால் போதாது. தமனிகளை ஒட்டியிருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் எடுக்க வேண்டும். புற்று முதலில் தங்கும் இடம் அதுதான். அவற்றை எடுக்கும்போது பெருந்தமனிகள் வேரிலேயே கட்டப்படுகின்றன. வயிற்றின் கீழ் மூன்றில் இரண்டு பங்கை எடுத்த பிறகு, மிஞ்சும் மேற்பகுதிக்கு இரத்தம் தருவது பெரும்பாலும் அந்தக் குறுந்தமனிகள் மட்டுமே. நலமான உடலில் அதுவே தாராளம். வயிற்றுச் சுவருக்குள் நுண்குழாய்கள் வலையாகப் பின்னியிருப்பதால் ஒரு முனையில் நுழைந்த இரத்தம் மறுமுனை வரை போய்விடும். இறுக்கநோய் பழுதாக்கியிருப்பது அந்த வலையைத்தான்.

நம் அம்மாவுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி பில்ரோத்தின் வழி: கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டு, மிஞ்சிய வயிற்றைச் சிறுகுடலின் தலைப்பகுதியோடு நேராகத் தைப்பது. ஒரே இணைப்பு, உணவும் பழைய பாதையிலேயே போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கல்லீரலிலிருந்து பித்தம் வந்து விழும் இடம் சிறுகுடலின் அந்தத் தலைப்பகுதி. வயிற்றின் வாயில் போய்விட்டதால் பித்தம் தடையின்றி மேலே ஏறும். மற்றவர்களுக்கு உணவுக்குழாயின் வால்வாவது அதைத் தடுக்கும். இவருக்கு அதுவும் மூடுவதில்லை. உணவுக்குழாய் அதைத் திருப்பித் தள்ளவும் வலுவற்றது. படுத்தால் பித்தமும் அமிலமும் தொண்டைவரை வரும், அங்கிருந்து நுரையீரலுக்கும் இறங்கலாம். இவருக்கு இந்த வழி வேண்டாம்.

இரண்டாம் வழி, சுவிட்சர்லாந்தின் லோசான் நகர அறுவை மருத்துவர் செசார் ரூ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பியது. சிறுகுடலைச் சற்றுக் கீழே வெட்டி, கீழ்முனையை மேலே கொண்டுவந்து வயிற்றோடு தைப்பார்கள். பித்தம் கொண்டுவரும் மேல்முனையை 40 முதல் 60 சென்டிமீட்டர் கீழே தள்ளி இணைப்பார்கள். உணவு ஒரு கிளையிலும் பித்தம் மறு கிளையிலும் இறங்கிக் கீழே சேரும். அவ்வளவு தூரம் ஏறிப் பித்தம் உணவுக்குழாயை எட்டுவது அரிது. இறுக்கநோயில் மருந்துக்கு அடங்காத நெஞ்செரிச்சலுக்கே, புற்று எதுவும் இல்லாதபோதும், இந்த மாதிரி மாற்றுப்பாதையைச் சில அறுவை மருத்துவர்கள் அமைத்திருக்கிறார்கள். இதன் குறை அசைவில் இருக்கிறது. குடலின் அசைவுக்குத் தாளம் கொடுக்கும் செல்கள் அதன் தலைப்பகுதியில் இருக்கின்றன. வெட்டியெடுத்து மேலே கொண்டுவந்த கிளை அந்தத் தாளத்திலிருந்து அறுபட்டுவிடுகிறது. நலமானவர்கள் சிலருக்கே இதனால் உணவு தேங்கும். ஏற்கெனவே மந்தமான குடலில் தேக்கம் கூடலாம்.

மூன்றாம் வழி வயிறு முழுவதையும் எடுப்பது. மிஞ்சிய வயிற்றுக்கு இரத்தம் போகுமா என்ற கவலையே இல்லை, அமிலமும் இல்லை. ஆனால் தைக்க வேண்டியது உணவுக்குழாயில். குடலுக்கு வெளியே ஒரு மெல்லிய உறுதியான போர்வை உண்டு. உணவுக்குழாய்க்கு அது கிடையாது. அதனால் அங்கே போடும் இணைப்பு பொதுவாகவே அதிகம் கசியக்கூடியது. இவருடைய உணவுக்குழாயோ நோயால் விரிந்து நார் பிடித்தது. சாப்பாட்டைத் தாங்கி வைக்கும் பையும் போய்விட, ஏற்கெனவே மெலிந்தவர் இன்னும் மெலிவார்.

நான் இரண்டாம் வழியின் பக்கம், ஒரு நிபந்தனையோடு. மிஞ்சும் வயிற்றுக்கு இரத்தம் போகிறது என்பதைத் தைப்பதற்கு முன் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதற்கு இன்று கருவி இருக்கிறது. இண்டோசயனின் பச்சை என்ற சாயத்தை இரத்தக் குழாயில் செலுத்தி, அகச்சிவப்புக்கு அருகான ஒளியைப் பாய்ச்சினால், இரத்தம் போகும் திசு கேமராத் திரையில் ஒளிரும். ஒரு நிமிடத்துக்குள் விடை தெரிந்துவிடும். வயிற்றின் விளிம்பு வரை ஒளிர்ந்தால் அங்கேயே தைக்கலாம். விளிம்பு இருண்டு, இரண்டு விரற்கடை மேலே ஒளிர்ந்தால், அந்த இரண்டு விரற்கடையையும் வெட்டிவிட்டு மேலே தைக்க வேண்டும். எங்கும் மங்கலாகவே இருந்தால் மூன்றாம் வழிக்கு மாற வேண்டியதுதான். அதற்கான சம்மதத்தை நோயாளியிடமும் குடும்பத்திடமும் முன்கூட்டியே பேசி வாங்கி வைத்திருக்க வேண்டும். மேசையில் அவர் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே ஓடிவந்து மகளிடம் கேட்கும் நிலை வரக் கூடாது. எந்த வழியானாலும், மண்ணீரல் பக்கத்துக் குறுந்தமனிகளைத் தேவையின்றித் தொடக் கூடாது. எதிர்பார்த்தபடி வயிறு வேலை செய்யாவிட்டால் உணவு செலுத்த, சிறுகுடலில் ஒரு குழாயையும் அப்போதே வைத்துவிடுவது நல்லது.

மயக்கம் கொடுப்பதற்குள்

இப்போது அந்த மயக்க மருந்து மருத்துவரின் கேள்விகள் புரியும். மயக்கம் கொடுத்தவுடன் மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை இறக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் வாயைத் திறந்தால் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி நுழைக்கலாம். இவருக்கு இரண்டுகூட நுழையவில்லை. உதட்டைச் சுற்றித் தோல் இறுகிவிட்டது. மயங்கிய பிறகு வாய் திறக்கவில்லை என்று கண்டுபிடிப்பது பேராபத்து. எனவே தொண்டையை மட்டும் மரக்கச் செய்து, அவர் விழித்திருக்கும்போதே மெல்லிய வளையும் கேமராவை மூக்கு வழியே செலுத்தி, அதன் மேல் குழாயை இறக்குவார்கள். பயமுறுத்தும் காட்சிதான், பொறுமையாக விளக்கிச் செய்தால் நோயாளிகள் தாங்கிக்கொள்கிறார்கள். 'ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடாதீங்க' என்ற வழக்கமான கட்டளையும் இவருக்குப் போதாது. நேற்றைய சாப்பாடே வயிற்றில் இருக்கலாம். முந்தைய நாளிலிருந்தே திரவ உணவு வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி, வெளுத்த விரலில் தவறாகக் காட்டும் அல்லது காட்டவே காட்டாது. காது மடலில் மாட்ட வேண்டும். வழக்கமாகக் குளிர்ந்திருக்கும் அறுவை அரங்கைச் சூடாக்கி, ஏற்றும் திரவங்களையும் வெதுவெதுப்பாக்கி, கைகளைப் போர்த்தி வைக்க வேண்டும். குளிரில் சுருங்குவது விரல் குழாய்கள் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. இரத்த அழுத்தம் இறங்கினால் குழாய்களைச் சுருக்கும் மருந்தைத் தாராளமாகக் கொடுப்பது மற்றவர்களுக்குச் சாதாரணம். இவருக்கோ அந்த மருந்து புதுத் தையலின் இரத்தத்தையும் பறித்துவிடும்.

நுரையீரலில் நார் எவ்வளவு படிந்திருக்கிறது, நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடியிருக்கிறதா என்ற இரண்டுக்கும் விடை தெரியாமல் நாள் குறிக்கக் கூடாது. லேப்ராஸ்கோப்பி பற்றிய முடிவும் இதைச் சார்ந்தது. சிறு துளை, குறைந்த வலி, நன்றாக மூச்சு விடலாம் என்பதால் நுரையீரல் பாதித்தவருக்கு அது நல்லது. ஆனால் வயிற்றை உப்பச் செலுத்தும் கரியமில வாயு இரத்தத்தில் கலந்து நுரையீரல் தமனியின் அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம் இயல்பாக இருந்தால் லேப்ராஸ்கோப்பி. கணிசமாகக் கூடியிருந்தால் திறந்த அறுவை.

ஒரு வாந்தி மருந்தின் கதை

அறுவைக்குப் பின் வரும் குமட்டலைத் தடுக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை மயக்க மருந்தோடு சேர்த்துப் போடுவது வழக்கம். 8 மில்லிகிராம் என்பது சாதாரண அளவு. ஆனால் அது சுமார் 50 மில்லிகிராம் பிரெட்னிசலோன் மாத்திரைக்குச் சமம். நாளொன்றுக்கு 15 மில்லிகிராமும் அதற்கு மேலும் பிரெட்னிசலோன் எடுத்த இறுக்கநோயாளிகளுக்குச் சிறுநீரக நெருக்கடி அதிகம் வந்தது தெரிந்த செய்தி. இரத்த அழுத்தம் திடீரென்று எகிறி, சில நாள்களில் சிறுநீரகம் செயலிழக்கும் நிலை அது. ஒரே ஓர் ஊசி இதைக் கிளப்பிவிடும் என்று சொல்ல வரவில்லை. குமட்டலுக்கு வேறு மருந்துகள் இருக்கும்போது இதை யோசிக்காமல் போடக் கூடாது என்பதே செய்தி. பின்னால் கீமோதெரபியில் ஒவ்வொரு சுற்றிலும் இதே மருந்து வரும் என்பதால் அங்கும் இதே கவனம் வேண்டும். சிறுநீரகத்தைக் கருதி, வழக்கமான வலி மாத்திரைகளில் பலவற்றையும் ஒதுக்க வேண்டும்.

அந்த நெருக்கடி ஒருகாலத்தில் மரண தண்டனையாக இருந்தது. இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் கேப்டோப்ரில் வகை மருந்துகள் வந்தபின் கதை மாறியது. 1990-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஆய்வில், இம்மருந்து பெற்றவர்களில் 76 சதவீதம் பேர் ஓராண்டு தாண்டி வாழ்ந்தார்கள். பெறாதவர்களில் 15 சதவீதம் பேர்தான். ஆகவே வார்டில் தினமும் பலமுறை இரத்த அழுத்தம் பார்த்து எழுதும் செவிலியரின் வேலை இங்கே வெறும் சடங்கல்ல. 120 என்று இருந்தவருக்கு 150 ஆனால் அது உடனே மருத்துவரை எழுப்ப வேண்டிய எண்.

தைத்த பிறகு

அறுவை முடிந்து சில நாள்களில் குடல் அசையத் தொடங்கி, காற்றுப் பிரியும். இவருக்கு அது தாமதமாகும். தாமதம் நோயாலா, கசிவாலா என்று பிரித்தறிவது கடினம் என்பதால் சி.டி. ஸ்கேனுக்கு இங்கே தயங்குவதில்லை. பொறுமையாகக் குழாய் வழியே உணவு கொடுத்து, ஓரிரு வாரம் கூடுதலாகக் காத்திருப்பார்கள்.

கீமோதெரபியைத் தேர்ந்தெடுப்பதும் எளிதல்ல. வயிற்றுப் புற்றுக்கு இன்று பரவலாகப் பயன்படும் ஆக்ஸாலிபிளாட்டின், குளிர் பட்டால் விரல்களில் மின்சாரம் பாய்ந்ததுபோன்ற கூச்சத்தைத் தரும். கேப்பசிடபின் உள்ளங்கைத் தோலைச் சிவக்கச் செய்து உரிக்கும். டோசிடாக்செல் சிலருக்குத் தோலையே இறுக வைத்திருக்கிறது. நோயெதிர்ப்பு அமைப்பைத் தூண்டிப் புற்றைத் தாக்கவைக்கும் புதிய மருந்துகள், ஏற்கெனவே தவறான திசையில் பாயும் அமைப்பை இன்னும் முடுக்கிவிடலாம். கதிர்வீச்சு நார்ப் படிவைக் கூட்டலாம். இவற்றில் எதுவும் முற்றாக விலக்கானதல்ல. அளவைக் குறைத்தோ இடைவெளியைக் கூட்டியோ கொடுத்துப் பார்க்கிறார்கள். புற்று மருத்துவரும் மூட்டுவாத மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசாமல் இந்த முடிவை எடுக்கவே கூடாது. 'இவ்வளவு சிக்கலா, அப்போ ஆபரேஷனே வேண்டாம்' என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவதுதான் இதில் எளிய வழி, ஆகத் தவறான வழியும் அதுதான். எடுக்கக்கூடிய கட்டியை எடுக்காமல் விட்டால் அது என்ன செய்யும் என்பதில் சந்தேகம் எதுவும் இல்லை.

வீட்டுக்குப் போன பிறகு சிறிது சிறிதாக, நாளைக்கு ஆறு ஏழு முறை சாப்பிட வேண்டும். சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது. வயிறு முழுவதும் போயிருந்தால் பி-12 வைட்டமின் ஊசி வாழ்நாள் முழுவதும் வேண்டும். அந்த வைட்டமினை உடல் உறிஞ்ச வயிறு சுரக்கும் ஒரு புரதம் தேவை, அது இனி கிடையாது. பகுதி எடுத்தவர்களுக்கும் இரும்பு, பி-12 அளவுகளை அவ்வப்போது பார்க்க வேண்டும்.

ஆறேழு மாதம் கழித்து எடை மறுபடி இறங்கத் தொடங்கினால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நினைப்புத்தான் வரும்: திரும்ப வந்துவிட்டது. ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் கட்டாயம் எடுக்க வேண்டும். அவற்றில் ஒன்றும் இல்லையென்றால் தேட வேண்டியது இன்னொன்று. மந்தமான சிறுகுடலில், கிருமிகளைக் கொல்லும் வயிற்று அமிலமும் குறைந்துவிட்ட நிலையில், பாக்டீரியா பெருகிவிடும். அவை உண்ட சோற்றில் பங்கு கேட்கும், பி-12-ஐத் தின்னும், வயிறு உப்பி, கொழுப்பு கலந்து மலம் இளகிப்போகும். இதற்கு மருந்து ஒரு வாரம், பத்து நாள் கொடுக்கும் ஆன்டிபயாடிக். திரும்பத் திரும்பப் பெருகுபவர்களுக்கு மருந்தை மாற்றி மாற்றி மாதாமாதம் கொடுக்கிறார்கள்.